மேட்டில் நிற்கும் மொறிஸ் மைனர்

கார் உருளாதபடி முன்சில்லுகளுக்குக் கல் கொடுத்தாயிற்று. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குள் ஏறுகிறார் பத்மாதேவி. ஹாண்ட் பிறேக்கை மூன்று பல் மட்டும் இழுத்து, அதன் அடியிலிருக்கும் நட்டை ஸ்பானரால் அரைச்சுற்று இறுக்குகிறார். இறங்கி வந்து பின்சில்லை இரண்டு கையாலும் திருகிப் பார்க்கிறார். அசைந்தால் மறுபடியும் உள்ளே.

"பிடிச்சா அசையக்கூடாது. விட்டா லேசாச் சுத்தவேணும். ரெண்டும் சரியா வந்தாத்தான் பிறேக்," என்பார், யாரும் கேட்காமலே.

ஐம்பத்திரண்டு வயது. ஊர் சாவகச்சேரி. கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞர். கட்டுகஸ்தோட்டையில் மேடேறும் ஒழுங்கை ஒன்றில் தனியாக இருக்கிறார். மாடி அறையில் நான் வாடகைக்கு. திங்கட்கிழமைகளில் நகக்கண்ணில் கிரீஸோடுதான் அலுவலகம் போவார். மேலதிகாரி ஒருநாள் அதை உற்றுப் பார்த்தபோது, "கறுப்பு மையில்லை சேர், கார் வேலை," என்று விரல்களை விரித்துக் காட்டினாராம்.

எண்பத்து மூன்று ஆடியில் தமிழர் வீடுகளைத் தாக்கக் கூட்டம் வந்தபோது, எதிர்வீட்டு நர்ஸ் சோமாவதி இவரைத் தன் சமையலறைக்குள் இழுத்துப் பூட்டிக்கொண்டாள். ஜன்னல் இடுக்கால் எல்லாவற்றையும் பார்த்தார். கார்க் கண்ணாடி உடைந்தது. ஒரு கை உள்ளே போய் பிறேக்கை விடுவித்தது. கார் பின்பக்கமாக உருண்டு, கீழே பலாமரத்தில் மோதி நின்றது. அந்தக் கை, ஒழுங்கையில் மேலே இருக்கும் வீட்டுக் குணபாலவின் கை.

லண்டனிலிருந்து தம்பி வரச்சொல்லி எழுதினான். இவர் போகவில்லை. காரைக் கயிறு கட்டி மேலே இழுப்பித்தார். சந்தியிலிருந்த கராஜ்காரர், "இங்க கொண்டு வராதீங்க மிஸ், எனக்கும் பிரச்சினை வரும்," என்றார். அன்றே ஜாக்கியும் ஸ்பானர்களும் வாங்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை வடக்கில் இராணுவத்தின் மீது ஏதோ தாக்குதல் நடந்ததென்று வானொலி சொன்னது. எண்பத்து மூன்றும் அப்படித்தான் தொடங்கியது. பத்து மணிக்கே கடைகள் மூடின. பிறேக் வேலையை முடித்து, கேற்றைத் திறந்து காரை ரோட்டுக்கு எடுத்தார் பத்மாதேவி.

"அக்கா, இன்னைக்கு மட்டும் உள்ளேயே விட்ருங்க," என்று கெஞ்சினேன்.

"இண்டைக்கு உள்ளை விட்டா நாளைக்கும் உள்ளைதான். பிறகு நானும் உள்ளைதான்."

செங்குத்தான இடத்தில், எப்போதும் நிறுத்துகிற அதே இடத்தில், மேல்நோக்கி நிறுத்தினார். பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். கார் அசையவில்லை.

மேலேயிருந்து மூன்று பேர் வந்தார்கள். நடுவில் குணபால. காரருகே நின்று, "ரோட்டில் விடுறீங்களே மிஸ், உருண்டுவிடாதா?" என்று சிங்களத்தில் கேட்டான். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

பத்மாதேவியின் சிங்களம் கச்சேரிச் சிங்களம். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். "இந்தப் பிறேக்கை உங்களுக்குத்தான் தெரியுமே, குணபால. போன முறை கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டீர்கள். இன்றைக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். உள்ளே உட்கார்ந்தே பாருங்கள்."

சிரிப்பு நின்றது. எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு சோமாவதி வெளியே வந்து நின்றாள். குணபால அவளைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான், ஒழுங்கையில் கீழே இறங்கி நடந்தான். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

அவர்கள் வளைவில் மறையும்வரை, பத்மாதேவி சாரதிப் பக்கக் கதவை அகலத் திறந்து பிடித்தபடியே நின்றார்.