ஆண்டவர் அனுப்பிய கண் தெரியாதவர்

சபையில் கூடியிருக்கிற எல்லோருக்கும் என் தோத்திரம். நான் ஞானம்மாள். மலாக்காவில், சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்து, எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு நடந்தது இது.

என் கணவர் தேவசகாயம் பால் ஸ்டோரில் வேலை செய்தார். பாலை உறைய வைக்கும் ஆசிட் ஜாடி கைதவறி விழுந்து, இரண்டு கண்களிலும் தெறித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் மூலையில் சுருண்டு படுத்தார். ஒருநாள் மத்தியானம், "ஞானம், ஸ்டோர்லேர்ந்து கொஞ்சம் ஆசிட் கொண்டாந்து குடு. குடிச்சிட்டுப் போயிடுறேன்" என்றார். இடிந்துபோய் உட்கார்ந்தேன். 

அன்றிலிருந்து ஆண்டவரோடு சண்டை. "அவருக்குப் பார்வை கொடும். இல்லையென்றால் நல்ல கண்ணுள்ள ஒருவரைத் துணைக்கு அனுப்பும்" என்று விழுந்து அழுதேன். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், பார்வையற்றோருக்கென்று நாடு முழுவதற்குமான ஒரு சங்கம் இருப்பதாகச் சொல்லி, எங்களுக்காகத் தகவல் அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறேன். சங்கத்து ஆள் முள்கம்பிக் கேட்டில் நிற்கிறார் என்றார்கள். ஓடினேன். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடும் என்று மூங்கில் துளையைக்கூட விடாமல் சோதித்த காலம். காவல்காரர் வந்தவருடைய வெள்ளைத் தடியை ஆட்டியும் தட்டியும் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தபடி நின்றார். அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் கண் தெரியாது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருடனுக்குக் குருடன் துணையா? ஆண்டவரே, இது என்ன கேலி?

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கத்தினார். "கண்ணுள்ளவனுக்கு என் கஷ்டம் என்னா தெரியும்? போகச் சொல்லு!"

வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "எனக்கும் கண் தெரியாது தம்பி. கையைத் தாரும், தொட்டுப் பாரும்" என்றார்.

இவர் அந்த முகத்தைத் தடவினார். இமைகளில் பட்டதும் விரல் நின்றுவிட்டது.

"அண்ணே... தனியாவா வந்தீங்க?"

"ஓம். பஸ்ஸில வந்தனான்."

என் கணவர் ஓவென்று அழுதார். அன்றைக்குத்தான் தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டார்.

சங்கத்தார் இவரை அழைத்துப்போய் பிரம்பு நாற்காலி பின்னப் பழக்கினார்கள். இப்போது மலாக்கா டவுனில் வேலை. தனியாகவே பஸ் ஏறுகிறார். "பஸ் லேட்லா" என்று வீட்டில் வந்து சத்தமும் போடுகிறார். ஆண்டவருக்குக் கோடி நன்றி.

நான் கேட்ட பார்வை வரவில்லை. ஆனால் நான் கேட்டபடியே கண்ணுள்ளவர் வந்திருந்தால், இவர் துரத்தியிருப்பார். நான் இன்று விதவையாகியிருப்பேன். 

நீங்களும் ஜெபம் பண்ணுங்கள், அழுங்கள், சண்டைகூடப் போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் ஆண்டவருக்குப் பாடம் நடத்தாதீர்கள்.