போய்ச் சேராத ஏரி

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் போத்தல் மூடி வார்க்கும் மெஷினில் நின்றேன். பக்கத்து மெஷின்காரர் ஒஷாவாவிலிருந்து வரும் ஒரு வெள்ளைக்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முந்திய குளிர்காலத்தில்தான் மனைவி தவறியிருந்தார். பிள்ளைகள் மேற்கே வெகுதூரத்தில். அவர் என்னோடு பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் இப்போது நினைக்கும்போது அவர் தமிழில்தான் பேசுகிறார், அதுவும் என்னை ‘நீர்’ என்று.

"செப்டெம்பரில வடக்க காட்டுக்குப் போறன். கனூவில முன்னுக்கிருந்து துடுப்பு வலிக்க ஒரு ஆள் வேணும். வாறீரோ?"

யோசிக்காமல் ஓம் என்றேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து பார்க்டேல் அப்பார்ட்மெண்டையும் தொழிற்சாலையையும் தவிர நான் எதையும் கண்டதில்லை.

வீட்டில் மனைவி சோற்றுப் பானையை அடுப்பில் டங்கென்று வைத்தாள். "காடு பாக்கவோ கனடாவுக்கு வந்தனீங்கள்? ரெண்டு பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு நான் தனிய என்ன செய்யிறது?" அவள் கேட்டது நியாயம். மூத்தவனுக்கு அப்போது சளிக்காய்ச்சல் வேறு. ஆனாலும் போனேன்.

கணுக்காலைப் பிடிக்கிற நல்ல பூட்ஸ் வேண்டும் என்று அவர் இரண்டு தரம் சொல்லியிருந்தார். "இருக்கு," என்றேன். இருக்கவில்லை. வெறுங்காலோடு ஓடித் திரிந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு எண்ணம். வேலைக்குப் போடுகிற ரன்னிங் ஷூவோடு அவருடைய வான் வண்டியில் ஏறினேன்.

சட்பரியையும் தாண்டி மறுநாள் மத்தியானம்வரை ஓடினோம். அது அரசு பாதுகாக்கிற காடு. உள்ளே ரோட்டு இல்லை, மரம் தறிக்கக் கூடாது, எஞ்சின் பூட்டிய படகு கூடாது. ஏரிக்கு ஏரி கனூ என்கிற ஒடுங்கிய படகில் போய், இடையில் வருகிற காட்டுப் பாதையில் கனூவையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து நடக்க வேண்டும்.

இப்படி ஓர் இடம் பூமியில் இருக்குமென்று நான் நினைத்ததில்லை. பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில் ஏரி. கரை முழுக்க ஒல்லியான ஊசியிலை மரங்கள், நடுவில் மஞ்சளாகத் தொடங்கிய பிர்ச். எங்கள் துடுப்புச் சத்தம் மட்டும்தான். யுத்தம் நடந்த எங்கள் ஊரில் காடு என்றால் ஒளித்துக் கடக்கிற இடம். என் தம்பி அப்போதும் அப்படியொரு காட்டுக்குள்தான் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து இருந்தான். நான் இங்கே காட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தைத் தம்பிக்குச் சொல்லவே முடியாது என்று தெரிந்தது. மனைவிக்கும்தான்.

மூன்றாம் நாள் காலை ஒரு ஏரியின் முடிவில் இறங்கி, பாசி பிடித்த பாறையில் மூட்டையோடு கால் வைத்தேன். ஷூ வழுக்கியது. கணுக்கால் உள்பக்கமாக மடிந்து, கண் முன்னால் பூச்சி பறந்தது.

"காலை ஊண்ட ஏலுமோ?"

"ஏலும்," என்று எழும்பி இரண்டு அடி வைத்துவிட்டு இருந்துவிட்டேன். கால் அதற்குள் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது.

அவர் என் காலைப் பார்க்கவில்லை. மரங்களுக்குள் ஏறிப்போகிற பாதையைப் பார்த்தார். பிறகு தன் மூட்டையைத் திறந்து, சிவப்புக் கம்பளிச் சட்டையில் சுற்றிய ஒரு ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது அவ. கலியாணம் கட்டின வருசம் நாங்கள் இந்தப் பாதைக்கு அங்கால இருக்கிற ஏரிக்கு வந்தனாங்கள். தன்னை அங்க விடச் சொல்லிக் கேட்டவ."

அந்த ஒரு பாதைதான் மிச்சம் இருந்தது.

"முந்தியே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீர் வந்திருக்கமாட்டீர்."

"என்னை இஞ்ச விட்டிட்டுப் போட்டு வாங்கோ. நான் இருப்பன்."

"நடக்க ஏலாத ஆளைக் காட்டில தனிய விட்டிட்டுப் போறதில்லை." அதற்குமேல் எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. தவழ்ந்தாவது வருகிறேன் என்றேன். சிரித்தார்.

மறுநாள் விடிய அவர் ஜாடியை எடுத்துக்கொண்டு தனியே கனூவைத் தள்ளி நாங்கள் தங்கிய ஏரியின் நடுவுக்குப் போனார். நான் பாறையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். ஊரில் என் தகப்பனின் சாம்பலைக் கடலில் கரைத்தது ஒன்றுவிட்ட தம்பி. அதையும் நான் தூரத்தில் இருந்துதான் கேட்டேன். இப்போது இன்னொருவருடைய சாம்பலையும் போகவேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் மறித்துக்கொண்டு இருந்தேன்.

கரைக்கு வந்ததும் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. "தண்ணி எல்லாம் ஒண்டுதானே. இந்தத் தண்ணி அங்கயும் போகும்."

அவர் கனூவைக் கரையில் இழுத்துவிட்டார். "இல்லை. அந்த ஏரித் தண்ணிதான் இஞ்ச வருது. இஞ்சயிருந்து அங்க போகாது." கோபமில்லாமல்தான் சொன்னார். கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

திரும்பும்போது ஒவ்வொரு பாதையிலும் கனூவை ஒருமுறை, மூட்டைகளை இரண்டுமுறை என்று அவரே சுமந்தார். கடைசி நடைக்கு என்னையும் தாங்கிக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கும்போதெல்லாம் மரத்தில் சாய்ந்து நின்று எனக்குப் பறவைகளைக் காட்டினார்.

தொழிற்சாலையில் எல்லாரும் என் காலைப் பற்றிக் கேட்டார்கள். "நான் அவசரப்படுத்திப்போட்டன், என்ர பிழை," என்றார் அவர். ஷூவைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு மூடிகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

அடுத்த கோடையில் நானே போய்க் கேட்டேன், இந்தமுறை பாதைக்கு அங்கால இருக்கிற அந்த ஏரிக்குப் போவோமா என்று.

"அவ இருக்கிறது மற்ற ஏரியில," என்றார். "அங்க வாறதெண்டா வாரும்."

போனோம். என் கால் நல்லாய்த்தான் இருந்தது. அதே பாறையில் மீன் பொரித்துச் சாப்பிட்டு, இரண்டு நாள் தங்கினோம். அவர் எந்த நேரமும் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார், பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நானும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.