வானம் துடைக்கிறவர்

வேலையைத் தொடங்குமுன் மாப்பிள்ளை ஈரத்துணியால் கணினித் திரையைத் துடைப்பார். பிறகு தன் மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் நான் இருந்தால் என்னுடையதையும் விடமாட்டார். திரையில் தெறித்த காபித் துளியை விண்மீன் என்று நம்பி மூன்று நாள் ஆராய்ந்து, அதற்குப் பெயரும் வைத்தார் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். "மூணு நாள் இல்ல அத்தை, அரை நாள்தான்" என்பார். பெயர் வைத்ததை இதுவரை மறுத்ததில்லை.

வான் ஆய்வுக்கூடத்தில், தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்து தூசியும் கறையும் நீக்குவது அவர் உத்தியோகம். சட்டைக் காலர் அழுக்கு என் மகள் இலாகா.

பத்து நாளாக அவர் கையில் இருந்தது ஒரு ஜோடியின் படம். பெரியது சுருள் விண்மீன் மண்டலம். நடுவில் தாழ்ப்பாள் போட்டதுபோல் ஓர் ஒளிப்பட்டை, அதன் இரு முனைகளிலிருந்தும் வளைந்து கிளம்பும் கைகள். ஒட்டினாற்போல் ஒரு சின்ன மண்டலம். இரண்டுக்கும் நடுவே லேசான மங்கல். வேலைக்குச் சேர்ந்த வருஷம் இதே மாதிரி ஒன்றை அழுக்கென்று வழித்துப் போட்டுவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அது இரண்டு மண்டலங்களை இணைக்கும் விண்மீன்களாலான பாலம். பாலம் இல்லாத அந்தப் படம் இன்னும் அலுவலக வாசலில் தொங்குகிறது. மனிதர் பதினாறு வருஷமாகப் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் போய்வருகிறார்.

சாப்பாடு கொடுக்க நான் போன அன்று, மதியமே படம் அச்சுக்குப் போகவேண்டும். இயக்குநர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னுமா அந்தக் கறை போகல? அழிச்சிட்டு அனுப்புங்க சார்."

"கறை இல்லன்னு தோணுது மேடம். தொலைநோக்கிய கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நாப்பது படம் எடுத்திருக்கோம். கேமரா தூசின்னா ஒரே இடத்துல நிக்கும். இது நட்சத்திரங்களோட சேந்து நகருது."

"நாப்பதும் பாத்தாச்சா?"

"முப்பத்தொம்பது."

"மிச்சம் ஒண்ணு?"

"பயமா இருக்கு மேடம்."

அம்மாள் சிரிக்கவில்லை. "தள்ளுங்க" என்று உட்கார்ந்து, கடைசிப் படத்தைத் திறந்து, முந்தையதோடு மாற்றி மாற்றிக் காட்டினார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அத்தை, நீங்க பாத்துச் சொல்லுங்க."

விண்மீன்கள் ஒரு நூல் இடம் நகர்ந்தன. மங்கலும் கூடவே நகர்ந்தது.

"நகருது மாப்பிள்ளை."

"கதையா, நிஜமா?"

"நிஜம்."

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, மேசைமேல் தடவித் தேடி, மவுஸைக் கோழிக்குஞ்சுபோல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.