பாட்டு நிற்கும் இடம்

பேரனைக் கையில் வாங்கியதும் கெனான் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, விரல்களை. மூடியிருந்த கையை மெல்லப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். பேரீச்சங்கொட்டையில் கால்வாசிகூட இல்லாத நகங்கள். பிள்ளை அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை.

"முதல்ல மூஞ்சியப் பாரு மனுஷா. உன் மூக்கு வரலையேன்னு ஆண்டவனுக்கு நன்றி சொல்லு," என்றாள் அவன் மனைவி அமென்னா.

"விரல் நீளமா இருக்கு பாரேன். கிதார் விரல்."

"வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதாதா?"

பாயில் படுத்திருந்த மகள் மரியாமா வலியோடு சிரித்தாள். பிள்ளையின் தலைமாட்டில் ஒரு கத்தி இருந்தது. பெயர் வைக்கும் நாள் வரைக்கும் அது அங்கேயேதான் இருக்கும். அதுவரை பிள்ளையை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடமாட்டார்கள். பெயரில்லாத பிள்ளை யாருக்கு வேண்டுமானாலும் சொந்தம், கண்ணுக்குத் தெரியாமல் வெட்டவெளியில் இருப்பவர்களுக்கும்தான். அவர்களைப் பற்றி யாரும் பட்டப்பகலில்கூட உரக்கப் பேசுவதில்லை. 'அவங்க' என்றால் போதும்.

கெனான் சஹாரா பாலைவனத்து ஊரான தமன்ராசெட்டில் பஞ்சர் ஒட்டுகிறவன். சின்ன வயசில் ஆடு மேய்த்தவன். வறட்சியில் ஆடுகள் மொத்தமும் செத்துப்போக, அப்பா குடும்பத்தை இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தார். மேய்க்க ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. எண்ணெய் டின்னில் ஒரு கட்டையைச் சொருகி, சைக்கிள் பிரேக் கம்பியைப் புரி பிரித்து இழுத்துக் கட்டி, கெனான் ஒரு கிதார் செய்தான். அவன் மாமா மகன் பிகா அதைக் கேட்டுவிட்டு, "கழுதைக்கு வயித்து வலியா மச்சான்?" என்றான். அடுத்த வாரமே தானும் ஒன்று செய்துகொண்டு வந்து நின்றான்.

அப்போதெல்லாம் லாரிக்காரர்கள்தான் பாட்டுக் கொண்டுவருவார்கள். வடக்கே கடற்கரையிலிருந்து வெள்ளைக்காரர்கள் வாசித்த கேசட்டுகள் வரும். ஒருவர் கிதாரை அழவிடுவார், இன்னொருவர் போட்டு அடிப்பார். பையன்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திருடினார்கள். ஆனால் ஊரின் கையையே மாற்றியது ஒரே ஒரு கேசட்தான்.

அதை வாசித்தவருக்கு ஒரு பெயர் இருந்தது. செத்தவர் பெயரை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. செத்தாரா இல்லையா என்றே தெரியாதவர் பெயரை எப்படி எடுப்பது? கிணற்றடிக்காரர் என்பார்கள். ஊருக்கு வெளியே ஓடைப் பள்ளத்தில், தண்ணீர் வற்றிப்போன கிணற்றடியில் தன்னந்தனியாக உட்கார்ந்து வாசிப்பார். ஒரு மத்தியான வேளையில் டேப்பைக் கிணற்றுக் கல்லின்மேல் வைத்துத் தானே பதிவு செய்திருக்கிறார். வெயில் தாழ ஆடு ஓட்டி வந்த பெண் பார்த்தபோது கேசட் ஓடி முடிந்து நின்றிருந்தது. கிதார் கிடந்தது. ஆள் இல்லை. மணலில் ஒரே ஆளின் காலடிதான் இருந்தது. டீ மட்டும் இரண்டு கிளாஸில் ஊற்றியிருந்தது.

அந்தக் கேசட்டைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று ஊர் முழுக்கப் படி எடுத்தார்கள். கட்டைவிரல் அடித்தந்தியை வண்டுபோல ரீங்கரிக்க விட்டுக்கொண்டே இருக்கும். மேலே இரண்டு விரல் மட்டும் பேசும். அதில் கடைசிப் பாட்டின் நடுவில் ஒரு இடம் உண்டு. கை சட்டென்று நிற்கும். ரீங்காரமும் நிற்கும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்கு வெறும் இரைச்சல். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோலப் பாட்டு தொடரும்.

"டீ குடிச்சிருப்பாரு," என்பான் பிகா.

பேட்டரி என்பார்கள் சிலர். யாரோ வந்திருப்பார்கள், நிமிர்ந்து பார்த்திருப்பார் என்று சிலர் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வாயைத் துடைத்துக்கொள்வார்கள். தப்பா சரியா என்று தெரியாததால் எல்லோரும் அதையும் சேர்த்தே கற்றார்கள். கல்யாணத்தில் அந்த இடம் வந்தால் ஆடுகிற பெண்கள் தூக்கிய கையோடு நிற்பார்கள்; சுற்றி ஒட்டகம் ஓட்டுகிறவர்கள் கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். இந்தக் காலத்துப் பையன்கள் கேசட்டையே பார்த்ததில்லை. எங்கெங்கோ இருக்கிற கிதார்க்காரர்களைப் போனில் பார்த்து, கரண்டு கிதாரில் மின்னல்போல வாசிக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த இடம் வந்தால் கை நிற்கும்.

அந்த வாசிப்பில் கெனானை மிஞ்ச ஆளில்லை. "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா நீ இல்லடா, அவரேதான்," என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. கேசட்டில் இல்லாத ஒன்றை அவன் ஒருநாளும் வாசித்ததில்லை. "நான் இவனைக் கட்டலை, அந்தக் கேசட்டைத்தான் கட்டினேன்," என்று அமென்னா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

பிள்ளை அழுத ஒரு காலையில் கெனான் கிதாரை எடுத்து அந்தப் பாட்டைத்தான் வாசித்தான். அழுகை நின்றது. கண்ணை அகல விழித்து, உதட்டைக் குவித்து, பெரிய மனுஷன்போலக் கேட்டது. கெனானுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடம் வந்தது. கையை நிறுத்தினான்.

பிள்ளை தலையைத் திருப்பியது. கிதார் பக்கம் அல்ல. ஓடைப் பள்ளம் இருக்கிற பக்கத்துச் சுவரைப் பார்த்து. ஏறி இறங்கிக்கொண்டிருந்த சின்ன நெஞ்சு அப்படியே நின்றது.

கெனான் பாட்டைத் தொடர்ந்தான். நெஞ்சு ஏறியது.

கண் ஏமாற்றியிருக்கும் என்று இன்னொரு தரம் வாசித்தான். அதேதான். வாசலில் தட்டோடு நின்ற அமென்னாவின் முகம் வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா முதுகில் கருவியை வைத்துப் பார்த்தாள். பிள்ளை அவள் காது கிழிய வீறிட்டது.

"இந்தத் தொண்டைக்கா மூச்சு இல்லைங்கிறீங்க? போங்க, போய்ப் பால் குடுங்க."

கெனான் கிதாரைக் கொண்டுபோய்க் கடையில் பழைய டியூப்களுக்கு அடியில் மறைத்தான். அதனால் என்ன ஆகப்போகிறது? எதிர்வீட்டுப் போனில் அந்தப் பாட்டு. தெருவில் போகிற டாக்சியில் அந்தப் பாட்டு. இரண்டு தெரு தள்ளிக் கல்யாணப் பந்தலில் அந்தப் பாட்டு. கிதார் பிடித்த அத்தனை பேரும் ஒரே ஆளிடம் கற்ற ஊர் அது. பாட்டு நிற்கும், பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பும், நெஞ்சு நிற்கும். போகப்போக, பாட்டு தொடர்ந்த பிறகும் மூச்சு உடனே வரவில்லை.

"பாட்டு திரும்பி வந்துடுது. புள்ள கொஞ்சம் கொஞ்சமா லேட்டா வருது," என்றாள் அமென்னா. அவள் குரலில் கேலி இல்லாமல் கெனான் கேட்டது அன்றைக்குத்தான். "எதையோ கேக்குதுய்யா அது. பேரு வைக்கிறதுக்குள்ள இவனை யாரும் கூப்பிட்டுக்கக் கூடாது."

கெனான் பிகாவின் போன் கடைக்குப் போனான். பெயர் வைக்கிற அன்று வாசிக்கப்போவது பிகாவின் ஆட்கள்தான்.

"அந்தப் பாட்டு வேண்டாம்டா. இல்ல, வாசிச்சா அந்த எடத்துல நிறுத்தாத."

"நிறுத்தாம போறதுக்கு என்ன மச்சான், இதோ பாரு." பிகா கிதாரை எடுத்து வாசித்தான். அந்த இடம் வந்தது. கை நின்றது. சிரித்துக்கொண்டே மறுபடி வாசித்தான். நின்றது. மூன்றாம் தரம் வாசித்தபோது சிரிப்பு இல்லை.

"நான் நிறுத்தலை மச்சான். நிக்குது."

"குடு இங்க." கெனான் வாங்கி வாசித்தான். அவன் விரல்களும் தந்திக்கு மேலே, குளிரில் விறைத்ததுபோல நின்றன. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அந்தப் பாட்டையே தொடமாட்டேன்," என்றான் பிகா. "என் தலைமேல சத்தியம். உன் வழுக்கைத் தலைமேலயும்."

பெயர் வைக்கும் நாள் வந்தது. ஆட்டுக்கடா அறுத்தார்கள். மணலுக்குள் ரொட்டி வெந்தது. முகத்துணி கட்டிய ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மேளத்தோடு ஒரு பக்கம். மௌல்வி வரத் தாமதமானது. சும்மா இருக்கவேண்டாமே என்று பிகா வாசிக்க ஆரம்பித்தான். சொன்னபடி வேறு பாட்டு, அதன்பின் இன்னொன்று. ஆனால் அவன் கையில் இருந்த எல்லாமே அந்தக் கேசட்டிலிருந்து முளைத்ததுதானே. ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் சரிந்தது. பிகா எதையோ சொல்ல வாயைத் திறந்தபடி கெனானைப் பார்த்தான். விரல்கள் அந்தப் பாட்டுக்குள் போய்விட்டிருந்தன.

அந்த இடம் வந்தது. எல்லாக் கையும் நின்றது. பெண்களின் கைகள் மேலே நின்றன.

அதே கணத்தில் மைக்குக்காக வைத்திருந்த ஜெனரேட்டர் இருமிக்கொண்டு அணைந்தது.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். யாரும் பாட்டைத் தொடரவில்லை. அவ்வளவு கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தியிருந்தன.

"அப்பா!" மரியாமா உள்ளிருந்து பிள்ளையோடு ஓடி வந்தாள். "மூச்சு இல்லப்பா!"

கெனான் பிகாவின் மடியிலிருந்து கிதாரைப் பிடுங்கினான். பாட்டின் மிச்சத்தை வாசித்தான். எந்தப் பிசகும் இல்லாமல், கிணற்றடிக்காரர் வாசித்தது போலவே. பிள்ளை திரும்பவில்லை. முகம் ஓடைப் பள்ளத்தைப் பார்த்தபடியே இருந்தது. உதடு நீலம் பாய்ந்தது.

அவருடைய பாட்டால் அவரிடம் இருப்பவனை எப்படிக் கூப்பிடுவது?

கெனானின் கை எதைத் தேடியது என்று அவனுக்கே தெரியாது. கேசட்டுக்கெல்லாம் முன்னால், ஆடுகள் இருந்த காலத்தில், மந்தையை விட்டு விலகிப் பாறைக்குப் பின்னால் போன குட்டியைக் கூப்பிட அவன் ஒரு குரல் கொடுப்பான். நாக்கை மடித்து, மேலே போய், உடைந்து, கீழே விழுகிற குரல். அதை விரல்கள் தந்தியில் தேடி எடுத்தன. அவசரத்தில் கட்டைவிரல் வழுக்கி மரத்தில் 'டொக்' என்று இடித்தது. தந்தி கரகரத்தது. அசிங்கமான வாசிப்பு. மறுபடியும் அதையே வாசித்தான், அதே இடியோடு.

பிள்ளை தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. பிறகு நெஞ்சைப் பிளந்துகொண்டு அழுதது. பெண்கள் குலவையிட்டார்கள். அப்போதுதான் வந்து சேர்ந்த மௌல்வியைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் இழுத்து வந்தாள் அமென்னா. காதில் பெயர் சொன்னார்கள். இலியாஸ்.

அதோடு பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பாட்டு நின்றாலும் பால் குடித்துக்கொண்டே இருந்தது. தொடையில் மடிப்பு விழுந்தது. கெனான் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம் அந்த மடிப்பைப் பற்றிப் பேசினான். அன்றைக்கு யாரோ போனில் பிடித்திருந்தார்கள். அது கை கைக்கு மாறி, ஊர்ப் பையன்கள் அந்த இடத்தில் குட்டியைக் கூப்பிடும் குரலை வாசிக்க ஆரம்பித்தார்கள். கட்டைவிரல் இடியும் சேர்த்துத்தான்.

"ஊரே கட்டையப் போட்டு இடிக்குது," என்றான் பிகா. "உன் தப்புக்கு ரசிகர் மன்றம் வெச்சிட்டானுங்க மச்சான்."

கெனானுக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது. தன் கை என்று ஒன்று இருப்பது இத்தனை வயசுக்குப் பிறகு தெரிந்திருக்கிறதே.

ஒரு மத்தியானம் பிகா பழைய டேப் ஒன்றைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். கேசட்டும் கொண்டுவந்திருந்தான். கிணற்றுக் கல்லின்மேல் இருந்த அதே கேசட். அதைக் கண்டெடுத்த பெண்ணின் வீட்டில் கிடந்ததாம். பிகா கரியைக் கிளறி டீ வைத்தான். இலியாஸ் கெனானின் மடியில், அவன் கட்டைவிரலைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. கை நின்றது.

இரைச்சல். படிக்குப் படி எடுத்த கேசட்டுகளில் இருந்ததைவிட மெல்லிய இரைச்சல். அதற்குள், வெகு தூரத்தில், தந்தியில் வாசித்த, குட்டியைக் கூப்பிடும் குரல். மேலே போய், உடைந்து, கீழே விழுந்தது. டொக். தந்தி கரகரத்தது. மறுபடியும் அதே. டொக்.

அதன்பின், கிட்டத்தில், கல்லின்மேல் ஒரு கிளாஸை நகர்த்தி வைக்கிற சத்தம். யாருக்கோ நீட்டுவதுபோல. கிணற்றடிக்காரரின் பாட்டு தொடர்ந்தது.

பிகா டேப்பை அணைத்தான்.

"போன்லேர்ந்து எப்படியாவது ஏறியிருக்கும்."

"கேசட்ல எப்படிடா ஏறும்?"

 பிகா டீயை உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றினான். நுரை நின்ற கிளாஸை எடுத்து நீட்டினான்.

"குடி மச்சான். ஆறிடும்."

நீட்டிய டீயை மறுப்பது அங்கே காறித் துப்புவதற்குச் சமம். கெனான் அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கிணற்றடியில் யாருக்கோ ஊற்றியிருந்த இரண்டாவது கிளாஸும் இப்படித்தான் இருந்திருக்கும். பிறகு பேரனை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். இனி எதையும் வாங்க அவனிடம் கை இல்லை.

"எனக்கு வேண்டாம்டா," என்றான். "அதைக் கீழ வை."