ஈரக் கழிவு

எங்கள் விளையாட்டு ஆசிரியருக்கு ஒரு வியாதி இருந்தது. யார் அணிக்குத் தெரிவாவான், யார் ஆகமாட்டான் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்குக் கணக்கும் அவர்தான். பதுளையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ரக்பி தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. நாங்கள் அதை ரகர் என்போம். மாகாணப் பாடசாலைகளிலிருந்து பதினைந்து பேரைப் பொறுக்கி ஓர் அணி கட்டி, கண்டிப் பக்கத்துப் பையன்களோடு மோதவிடுவது தோட்டத் துரைமார்களுக்கு அப்போது பெரிய பொழுதுபோக்கு. பொறுக்குகிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் யாரை எடுப்பார்கள் என்று எங்கள் ஆசிரியர் ஒரு வாரம் முன்பே கரும்பலகையில் எழுதிவிடுவார். பெரும்பாலும் பலித்துவிடும்.

"விளையாட்டை ஆர் பாக்கினம்? துரைமார் முதல்ல நிறையைத்தான் பாப்பினம். மாடு வாங்கிற மாதிரி" என்பார்.

அவர் கணக்கு சுலபமானது. பின்னால் நின்று ஓடுகிறவனுக்குக் கால் வேண்டும். முன்வரிசையில் தோளோடு தோள் முட்டித் தள்ளுகிறவனுக்கு நிறை வேண்டும். நான் முன்வரிசைக்காரன். அந்த வருடம் முன்வரிசையில் ஓர் இடத்துக்கு இரண்டு பேர் இருந்தோம்: நானும், என் வகுப்பிலேயே படித்த பசறைக் கடைக்காரர் மகனும். ஆசிரியர் எங்கள் இருவரையும் பதுளை ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போய், பார்சல் நிறுக்கிற தராசில் ஏற்றி இறக்கினார். நான் நூற்று நாற்பத்திரண்டு இறாத்தல். அவன் நூற்று முப்பத்தொன்பது.

"நீர் வாறீர். எழுதித் தாறன்" என்றார் என்னிடம். "மாகாண அணிக்குள்ள வந்தால் விடுதியில காசில்லாமல் இடம் எண்டு அதிபரும் சொல்லிப்போட்டார்."

அந்த விடுதி இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது. ரகர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பதை இப்போது சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. குளிரில் அரைக்கால்சட்டையோடு சேற்றில் புரள்வதில் என்ன சுகம்? ஆனால் விடுதிக்குள் போய்விட்டால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னைத் தொடமுடியாது.

அதைச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா. ஓர் அறை, முன்னால் ஒரு துண்டு வாசல், அவ்வளவுதான் காம்பரா. அந்தக் காம்பராவுக்கு மூன்று பேர் வேலைக்கு வரவேண்டும், வராவிட்டால் காம்பரா போய்விடும் என்பது தோட்டத்துப் பேச்சு. அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரர். அம்மா கொழுந்து பறிப்பார். மூன்றாவது சித்தப்பா. அவர் தெமோதரைப் பக்கம் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டார். அன்றிலிருந்து கணக்கப்பிள்ளையின் கண் என்மேல் விழுந்தது. மகனை வேலைக்குப் பேர் பதிய எப்போது கொண்டுவருகிறாய் என்று அவர் கேட்டபோது, அப்பா வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டார்.

"பயலுக்கு நெஞ்சு பலமில்லீங்க. ரெண்டடி ஏறினா இழுக்குது."

"அப்பறம் எப்படி தெனமும் பதுளைக்கு நடந்து போறான்?"

"போறப்ப எறக்கந்தானுங்க."

வரும்போது ஏற்றம் என்பதைக் கணக்கப்பிள்ளை கேட்காமல் விட்டது எங்கள் குலதெய்வத்தின் கருணை. அதற்குப் பிறகு அவரை எங்கே கண்டாலும் நான் இருமவேண்டும். அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தோளை முன்னால் வளைத்து, இரண்டு இருமல். என் தங்கச்சிக்கு அப்போது பதின்மூன்று வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். காவல் வேலை அவளுடையது. "அண்ணே, வர்றாரு, இருமு!" என்று வாசலிலிருந்து குரல் கொடுப்பாள். கொடுத்துவிட்டு உள்ளே ஓடி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். லயத்தில் என் விளையாட்டைப்பற்றி எங்கள் வீட்டைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

இப்படி இருக்கையில் தெரிவு ஆட்டம் எங்கே என்று அறிவித்தார்கள். எங்கள் தோட்டத்தில்! தொழிற்சாலைக்குக் கீழே எங்கள் பெரிய துரை வெட்டித் திருத்தி வைத்திருந்த மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். துரையும் தெரிவுக்குழுவில் ஒருவர்.

"உம்மட வீட்டு முத்தத்திலயே விளையாடுற மாதிரி" என்று ஆசிரியர் முதுகில் தட்டினார்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. போகாமல் விட்டால் இருமிக்கொண்டே இன்னும் சில மாதம் தள்ளலாம். போனால் தோட்டமே பார்க்கும். போய், கிடைக்காவிட்டால், விடுதியும் இல்லை, இருமலும் இல்லை. அப்பா சுருட்டைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளைக்குடா இருமுவ? போயி ஆடு. கெடைச்சா அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போயிரு. கெடைக்கலன்னா திங்கக்கெழம கவ்வாத்துக் கத்தி எடுத்துக்க. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு நிக்க முடியாது" என்றார்.

ஞாயிறு என்பதால் லயமே மைதானத்தின் மேட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. கீழே லொறியில் வந்து இறங்கிய பையன்கள். பெரிய துரையும் அவருக்கு அடுத்த சின்னத் துரையும் மடக்கு நாற்காலியில் இருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து கொழுந்துச் சாக்கு நிறுக்கிற மேடைத் தராசைத் தூக்கிவந்து புல்லில் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில், குடையும் கையுமாக, எங்கள் கணக்கப்பிள்ளை! தோட்டத்தில் தராசு என்றால் அவர்தானே. துரை அவரையே நிறுக்கச் சொல்லிவிட்டார்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். "அடேய், நீ எங்கடா இங்க?" என்றார்.

பழக்கதோஷம், நான் இருமினேன்.

"என்ன தம்பி, தடிமனோ?" என்று ஆசிரியர் பதறிப்போனார். தராசில் ஏறும் நாளில் நான் காய்ச்சலில் விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

முதலில் ஓட்டம். பிறகு ஒவ்வொருவராகத் தராசில் ஏறச் சொன்னார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்துச் சொல்லுவார், சின்னத் துரை எழுதிக்கொள்வார். பசறைக் கடைக்காரர் மகன் ஏறினான். "நூத்தி முப்பத்தொம்போது" என்றார் கணக்கப்பிள்ளை. ஆசிரியர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு முன்னால் நின்றவன் தராசில் ஏறி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழைக்கு நேரங்காலம் ஏது? துரைமார் குடைக்குள் போனார்கள். மீதிப் பையன்கள் நனைந்துகொண்டே வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏறினேன். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். சொட்டுகிற சட்டையைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது.

"நூத்தி முப்பத்து நாலு."

ஆசிரியரின் முகம் செத்துப்போயிற்று. சின்னத் துரை எழுதிவிட்டு அடுத்த பையனைக் கைகாட்டினார்.

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது, தெரிய நியாயமும் இல்லை. மழை நாளில் கொழுந்து ஈரமாக இருக்கும். ஈரத்துக்கு என்று கணக்கப்பிள்ளை கண்ணாலேயே ஒரு கழிவு போட்டு, மீதியைத்தான் வாய்விட்டுச் சொல்லுவார். எவ்வளவு கழித்தார் என்று சொல்லமாட்டார். கேட்கவும் கூடாது. கேட்ட பெண்ணின் கொழுந்து மறுநாள் முத்தல் என்று தரையில் கொட்டப்படும். அம்மா எத்தனையோ வருடம் அந்தத் தராசின் முன்னால் வாய் திறக்காமல் நின்றவர். அன்று கணக்கப்பிள்ளை வேண்டுமென்று செய்தாரா? இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். மழை, தராசு, எதிரே லயத்து முகம். அவர் நாக்கு தானாகக் கழித்துவிட்டது.

தராசைவிட்டு இறங்கினால் முடிந்தது. திங்கட்கிழமை கத்தி. இறங்காமல் நின்றேன். மேட்டில் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கணக்கப்பிள்ளை, "எறங்குடா" என்றார். பயமாக இருந்தது. பயத்தில் எனக்குக் கோபம் வரும். பிறவிக் கோளாறு.

"நான் கொழுந்து இல்லீங்க!" என்று கத்தினேன்.

மேட்டில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். பெரிய துரை குடையைத் தூக்கிப் பார்த்தார். "என்னா சொல்றான்?"

"ஒண்ணுமில்லீங்க தொரை. வாய்க்கொழுப்பு."

ஆசிரியர் வேகமாகக் கிட்ட வந்தார். "என்ன சொல்லுறீர்? வடிவாச் சொல்லும்."

"ஈரத்துக்குக் கழிச்சிட்டாருங்க சேர். மழைக்கு முன்னாடி ஏறினவங்களுக்குக் கழிக்கல."

ஆசிரியர் அதைத் துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னார். துரைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவக்கச் சிரித்தார். பிறகு கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"கழிச்சியா?"

"பழக்கமுங்க தொரை."

"எத்தனை?"

கணக்கப்பிள்ளை மேட்டை ஒருமுறை பார்த்தார். "பத்துங்க."

பெண்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்தக் கழிவை ஒரு எண்ணாக அவர்கள் காதால் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"சட்டை கழட்டு. திரும்ப ஏறு" என்றார் துரை.

இதை நான் நினைத்திருக்கவே இல்லை. நெஞ்சைக் கையால் மறைக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். வேறு வழி இல்லை. கழற்றினேன். தினமும் மலை ஏறி இறங்கி, தினமும் முட்டித் தள்ளி வளர்ந்த நெஞ்சு. துரைமார் முள்ளைப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை மட்டும் என் நெஞ்சைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் முள்ளுக்கு வந்தார்.

"நூத்தி நாப்பத்திரண்டு."

மறைக்க இனி ஒன்றுமில்லை என்றானதும் எனக்குப் பேய் பிடித்தது போலாயிற்று. அன்று ஆடியதுபோல் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. எதிரில் வந்தவன் கணக்கப்பிள்ளையா கடைக்காரர் மகனா என்று பார்க்காமல் மோதினேன். ஆட்டம் முடிந்து சின்னத் துரை பெயர்களை வாசித்தார். என் பெயர் வந்தது. ஆசிரியர் சொன்ன பதினைந்தில் இரண்டுதான் தவறியது. அவருக்கு மாப்பிள்ளைக் களை. மேட்டில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தங்கச்சி எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்தில் இருந்தவர்களையும் தட்டச் சொல்லி இடித்தாள்.

பெரிய துரை வந்து என் ஈரத் தோளில் தட்டினார். "நம்ம தோட்டத்துப் பொடியனா? வேலைக்குப் பேர் பதிஞ்சிருக்கா?"

"இல்லீங்க தொரை" என்றார் கணக்கப்பிள்ளை. அவசரமே இல்லாமல் சொன்னார். "நெஞ்சு பலமில்லன்னு அப்பன் சொன்னான்."

அப்பாவைக் கூப்பிட்டார்கள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். துரை என் நெஞ்சைக் காட்டி, "எங்க பலமில்லை?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நல்ல மனநிலையில்தான் இருந்தார்.

ஆசிரியர் குறுக்கிட்டு விடுதி விஷயத்தைச் சொன்னார். துரை கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "நல்லது. படிக்கட்டும்."

தப்பித்தோம் என்று நான் மூச்சுவிட்டேன். அப்போது துரை போகிற போக்கில் கணக்கப்பிள்ளையிடம், "அந்தக் காம்பராவுல மூணு பேர். இவன் இல்லாட்டி யாரு?" என்று கேட்டார்.

கணக்கப்பிள்ளை குடையை மடக்கி, அதன் நுனியால் மேட்டைக் காட்டினார். "இன்னொரு புள்ள இருக்குங்க."

தங்கச்சி இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"அது சின்னப் புள்ளைங்க தொரை" என்றார் அப்பா. "பள்ளிக்கூடம் போகுது. அதுக்கு ஒடம்பு..." அங்கேயே நிறுத்திவிட்டார். உடம்பு சரியில்லை என்று அந்த வீட்டிலிருந்து இனி யார் சொன்னாலும் எடுபடாது. துரை கணக்கப்பிள்ளையிடம் சரி என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

சாயந்தரம் நான் விடுதிக்குக் கொண்டுபோகத் தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பழைய சாக்கு ஒன்றை வெட்டி, தங்கச்சியின் இடுப்பில் சுற்றி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து எடுக்கிறவர்கள் செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டுகிற படங்கு அது. அம்மாவின் படங்கு அவளுக்குத் தரையில் இழுபட்டது. அப்பா வெளியே போயிருந்தார். வெளியே மழை விடவில்லை.

"அண்ணே, நாளைக்கும் மழ பேஞ்சா கணக்கப்புள்ள என்னோடதுலயும் கழிப்பாரா?" என்று கேட்டாள்.

"கழிப்பாரு."

"அப்ப நானும் ஒன்னைய மாதிரி கேக்கவா?"

அம்மாவின் கை சாக்கில் நின்றது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியின் மூடியைச் சாத்தினேன்.

"கேக்காத" என்றேன்.