செருப்பைக் கழற்றச் சொல்லாத டொக்டர்

பால்வினை நோய்களிலே சிபிலிஸ்தான் தோலில் எந்த வேடமும் கட்டும். அதை அடையாளம் காணத்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். தீவுப் பக்க ஆஸ்பத்திரிகளில் வியர்த்துக்கொண்டிருக்கும் சக டொக்டர்மாரே, நீங்களும் ஏமாந்திருப்பீர்கள். வெட்கப்படாமல் வாசியுங்கள்.

சைவத் தலை

சரவணைக் கிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். தலைமயிர் எலி கறித்ததுபோல அங்குமிங்கும் கொட்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று அரைமணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். சந்தேகத்தில் இரத்தம் எடுத்தேன். சிபிலிஸ்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு முடிவைச் சொன்னதும் கதிரையை விட்டு எழும்பினார்.

"டொக்டர், எங்கட வீட்டில மீன் மச்சமே சமைக்கிறேல்லை. இது எப்பிடி வரும்?"

கயிற்றுக் கை

அந்தப் பெருமை அடங்குமுன், கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளம் குடும்பஸ்தர் வந்தார். உள்ளங்கைகளில் செம்பு நிறப் புள்ளிகள். கடி, அரிப்பில்லை, நோவில்லை. அட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். வலைக் கயிறு உரசி வந்த ஒவ்வாமை என்று முடிவு கட்டிப் பூசுமருந்து எழுதினேன். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கயிறோ? சரி, நீங்கள் படிச்சனீங்கள்."

கோயிலில்

மூன்று வாரம் கழித்து, எங்கள் நேர்ஸ் தங்கள் மாதா கோயில் திருநாளுக்கு அழைத்திருந்தார். செருப்புகளை வெளியே விட்டு, எல்லோரும் நிலத்தில் முழந்தாளிட்டார்கள். எனக்கு நேர் முன்னால் அதே மனிதர், பக்கத்தில் ஐந்து மாத வயிற்றோடு மனைவி. கணவருடைய இரண்டு உள்ளங்கால்களிலும் அதே செம்புப் புள்ளிகள். காலால் கயிறு இழுப்பவரை நான் கண்டதில்லை. தாய்க்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் நோய் இது. குனிந்து உற்றுப் பார்த்தேன். நேர்ஸ் என் காதுக்குள் சொன்னார்.

"டொக்டர், பீடம் முன்னுக்கு இருக்குது. நீங்கள் ஆருடைய காலைக் கும்பிடுறியள்?"

ஒரு கேள்வி

அடுத்த நாளே இருவரையும் கூப்பிட்டேன். கர்ப்பத் தொடக்கத்துச் சோதனையில் சுத்தமாக இருந்த மனைவியின் இரத்தத்தில் இப்போது நோய் இருந்தது. இருவருக்கும் பெனிசிலின் ஊசி போட்டோம். கணவர் நிலத்தைப் பார்த்தபடி தானாகவே உண்மையை ஒப்புக்கொண்டார். அவள் அழவில்லை. என் கயிற்றுக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வள்ளத்தை வித்து ஒரு வருசம், டொக்டர். இவர் கொழும்பில புடவைக் கடையில நிண்டவர். என்ன வேலை எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா என்ன?"

பிள்ளை நோயில்லாமல் பிறந்தது, தாயும் தகப்பனும் சுகமானார்கள். அந்த நோயில் செத்தது என் கெட்டித்தனம் மட்டும்தான்.