தொலைந்துபோன இருபத்தாறு சட்டிகள்

இராஜேஸ்வரி ஜெர்மனிக்கு வந்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் கோழி வெட்டும் தொழிற்சாலை, சலவைக்கூடம், முதியோர் இல்லம் என்று எல்லா இடத்திலும் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டாள். ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. ஹம் நகருக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சிறு நகரசபையில், தொலைந்த பொருட்களை வாங்கி வைத்து உரியவரிடம் சேர்க்கும் அலுவலகம். அங்கிருந்த சுழல் நாற்காலியில் அவளுக்குத் தனிக் காதல்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. நகரசபையின் கஜானா வற்றி, செலவுகளெல்லாம் முடக்கப்பட்டன. சட்டம் கட்டாயப்படுத்துகிற வேலைகள் தவிர வேறெதற்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மேலதிகாரி லோமன் அறிவித்தார். அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அலுமாரியிலோ ஒரு குடை, ஒற்றைச் சப்பாத்து, யாரோ ஒருவரின் பொய்ப்பல், அவ்வளவுதான். இதற்கு ஓர் ஆள் எதற்கு என்று லோமன் கேட்டபோது பொய்ப்பல்கூட அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவள் யாரிடமும் உதவி கேட்கவில்லை. புஷ்பராணி அக்காவிடம் சொல்லி அழுதாள், அவ்வளவே. ஆனால் கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கிற புஷ்பராணியிடம் ஒன்றைச் சொல்வது ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதற்குச் சமம்.

மறுவாரம் ஊரில் பாத்திரங்கள் தொலையத் தொடங்கின. பேருந்துத் தரிப்பிடத்தில் இடியப்ப உரல், நூலக வாசலில் தாச்சி, பூங்காவில் உட்காரும் வாங்கில் பிட்டுப் பானை. கண்டெடுத்த ஜெர்மானியர்கள் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து ஒப்படைத்தார்கள். ஒரு கிழவர் பெரிய கிடாரம் ஒன்றைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். மொத்தம் இருபத்தாறு.

லோமன் சோதனைக்கு வந்தார். தாச்சியைக் கவிழ்த்தார், அடியில் ஏதோ எழுத்து. பானையைக் கவிழ்த்தார், அதே எழுத்து. கலியாண வீட்டுக்குக் கொடுத்த சட்டி தவறாமல் திரும்பி வர வேண்டுமென்று அடியில் பெயர் வெட்டி வைப்பது நம் பெண்களின் வழக்கம். தங்கள் சட்டியைத் தெருவில் விட மற்றவர்களுக்கு மனம் வராததால், புஷ்பராணி தன்னுடையவற்றையே ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

அது என்ன எழுத்து என்று லோமன் கேட்டார். இராஜேஸ்வரிக்குப் பொய் வாயில் வரவில்லை. உரிமையாளரின் பெயர் என்றாள். எல்லாம் ஒரே ஆளுடையதா? தலையாட்டினாள். வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

லோமன் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், அந்த அம்மாவுக்கு மறதி நோயா என்று மெல்லக் கேட்டார். பிறகு விரல்விட்டு எண்ணினார். பெயர் தெரிந்தால் உரியவருக்கு அறிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். கண்டெடுத்தவர்கள் இருபத்தாறு பேர். ஆகவே இருபத்தாறு கோப்பு, இருபத்தாறு கடிதம், நேரம் குறித்து வரவழைக்க இருபத்தாறு டெர்மீன். சட்டம் சொன்ன வேலையை எந்த முடக்கமும் முடக்காது. கடைசிச் சட்டி போகும்வரை ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே புஷ்பராணி சட்டி ஏற்ற வான் வண்டியோடு வந்து நின்றாள்.

"எடி ராசி, சனிக்கிழமை முந்நூறு பேருக்குச் சாப்பாடு. சட்டியளை எடு, ஏத்துவம்."

"ஏலாது அக்கா. கிழமைக்கு ஒண்டுதான் தருவன், அப்பத்தான் என்ர வேலை அரை வருசம் நிக்கும்."

"அது என்ர சட்டியடி."

"ஓம். அதாலதான் உங்களுக்குக் கடிதம் போடப்போறன். டெர்மீன் எடுத்துக்கொண்டு வாங்கோ."

புஷ்பராணி அவளை முறைத்தாள். முறைத்துப் பயனில்லை என்று கண்டு படிவத்தை இழுத்தாள். தொலைந்த பொருள் என்ற இடத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, கிடாரம் என்று எழுதினாள்.